பின்பலகைக்குள் வைத்த கேலிப்படம்

மகள் என்னோடு பிரெஞ்சில்தான் பேசுவாள். அன்று மத்தியானம் போனில் தமிழில் பேசினாள். பயந்தால்தான் அவளுக்குத் தமிழ் வரும்.

"அப்பா, அந்தக் கேலிப்படம் எங்கை? நான் துலைச்சுப்போட்டன் எண்டு மதாம் சொல்லுறா."

பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் படங்களுக்குச் சட்டம் போடும் கடையொன்றில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். வருபவை பெரும்பாலும் சாமிப் படங்களும் இறந்தவர்களின் படங்களும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு முதல் கொண்டுவருவார்கள். கணினியில் முகத்துத் தழும்பை அழிப்போம், கோட்டுப் போட்டுவிடுவோம். இறந்தவரைக் குறையில்லாமல் காட்டுவதுதான் எங்கள் வேலை என்று நினைத்திருந்தேன்.

மகள் பழம்பொருள் காட்சிக்கூடமொன்றில் சேர்ந்து இரண்டு மாதம். இன்னும் 'எஸ்ஸே' என்கிற தகுதிகாண் காலத்தில் இருந்தாள். பிடிக்காவிட்டால் காரணம் சொல்லாமலே நிறுத்தலாம். அங்கத்தை முதலாளி மதாமிடம் எங்கள் கடையைச் சொல்லி, சட்டம் போடும் வேலையொன்றைப் பிடித்துத் தந்தவள் அவள்தான்.

பழைய பிரித்தானிய அரசர் ஒருவரைப் பற்றிய பொருட்கள் மூன்று. முதலாவது, அரண்மனை ஓவியத்தின் அச்சுப்பிரதி: ஒடுங்கிய இடுப்பு, சுருள்முடி, பதக்கங்கள். இரண்டாவது, அவர் உயிரோடு இருக்கும்போதே தெருவில் விற்ற கேலிப்படம். அதே மனிதர் சட்டைப் பொத்தான் தெறிக்க, முள்ளுக்கரண்டியால் பல் குத்திக்கொண்டிருந்தார். மூன்றாவது, அவர் அணிந்ததாகச் சொல்லப்படும் மோதிரம். அதன் கண்ணாடிக்குள் அவருக்கு முன்பே இறந்துபோன மகளின் தலைமுடி. மூன்றும் ஒரே ஆழமான சட்டத்துக்குள் வரவேண்டும் என்று மகள் வேலைச் சீட்டில் தெளிவாக எழுதியிருந்தாள்.

அந்த முடியைப் பார்த்த பிறகு கேலிப்படத்தை எடுக்க எனக்குக் கை வரவில்லை. கடைக்கார அண்ணையிடம் காட்டினேன்.

"செத்த மனுசனுக்குப் பக்கத்திலை அவரை நக்கலடிக்கிற படமே? பின்னுக்கு வையும்."

கேலிப்படத்தை நல்ல தாளில் சுற்றி, பின்பலகைக்குள் பத்திரமாக வைத்து மூடினேன். கண்ணாடியில் அரசரின் நெற்றிக்கு நேரே சந்தனப் பொட்டும் வைத்தேன். அது கைப்பழக்கம். மகளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. சுற்றிக் கட்டிக் கொடுத்ததை அவள் கையெழுத்து வைத்து வாங்கி, பிரிக்காமலே கொண்டுபோனாள்.

போன் வந்ததும் கத்தியை எடுத்துக்கொண்டு மெட்ரோவுக்கு ஓடினேன். காட்சிக்கூடத்தில் மகள் கோட்டுப் போட்டபடி வாசலோரம் நின்றாள். மேசை இழுப்பறையில் இருந்த தன் சாமான்களைப் பையில் போட்டிருந்தாள்.

பின்பலகையை வெட்டிப் படத்தை எடுத்து வைத்தேன். பிழை என்னுடையது, மகளுக்குத் தெரியாது என்றேன். மதாம் பூதக்கண்ணாடியால் படத்தை மூலைக்கு மூலை பார்த்தார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். என் பிரெஞ்சு காலை வாரிவிட்டது. நான் தமிழில் சொன்னதை மகள்தான் எடுத்துச் சொன்னாள்.

ஓவியம் அவர் சொல்லி வரைந்தது, கேலிப்படம் அவரைக் கேட்காமல் வரைந்தது, மோதிரம் அவர் தானாகப் போட்டது, ஒன்றை ஒளித்தால் ஆளைத் தெரியாது என்றார் மதாம். பிறகு மகளைத் திரும்பிப் பார்த்து, கோட்டைக் கழற்றச் சொன்னார்.

அங்கேயே இருந்து மூன்றையும் ஒரே சட்டத்துக்குள் பூட்டிக் கொடுத்தேன். நான் வெளிக்கிடும்போது மகள் மெதுவாகச் சொன்னாள்: "என்னை ஒருக்காக் கேட்டிருக்கலாமே, அப்பா."

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வேலைச் சீட்டில் உள்ளதைச் செய்யுங்கள். மனதுக்கு ஒவ்வாவிட்டால் சட்டம் பூட்டுவதற்கு முதல் கேளுங்கள்.

மகளுக்கு இப்போது வேலை நிரந்தரமாகிவிட்டது. ஆனாலும் மத்தியானத்தில் அவளுடைய போன் வந்தால், முதலில் எந்த மொழியில் பேசுகிறாள் என்றுதான் கவனிக்கிறேன்.