கூட்டினால் எட்டு

கேசட்டுக் கடையில் வேலை என்றால் நாள் முழுக்கப் பாட்டுக் கேட்கலாம் என்று நினைத்து வருகிறவர்களுக்கு, ஒரே வாரத்தில் பாட்டு என்றாலே தலைவலி வந்துவிடும். கைக்குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வேலைக்கு ஓடுகிற சகோதரிகளே, உங்களுக்காகத்தான் பாப்பா தூங்கினதும் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சுபாவத்தில் நான் பயந்தாங்கொள்ளி. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேலை கிடைத்தது

என் கணவர் லாரி டிரைவர். தொப்பூர் கணவாயில் வண்டி கவிழ்ந்து, கால் முறிந்து படுத்துவிட்டார். பாப்பாவுக்கு அப்போது தலைகூட நிற்கவில்லை. தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கேசட்டுக் கடை வைத்திருக்கும் பாய், உள்ளூர்க் கூத்து, பக்திப் பாட்டு எல்லாம் தாமே பதிவு செய்து சுற்றுவட்டக் கடைகளுக்கு அனுப்புகிறவர். கான்வென்டில் படித்தவள், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்லப்போய் என்னைக் கூப்பிட்டார்.

என் வேலை, கேசட்டுகளுக்கு நம்பர் கொடுப்பது. நூறு வரிசை பக்தி, இருநூறு கூத்து, முந்நூறு மற்றதெல்லாம். வெளியூர்க் கடைக்காரர்கள் பெயர் சொல்லிச் சரக்குக் கேட்க மாட்டார்கள், நம்பர்தான். அட்டையில் ஒன்று, கேசட்டில் ஒன்று என்று மாறிவிட்டால் மாரியம்மன் திருவிழாவில் மைக்செட்டுக்காரர் அடி வாங்குவார். அதனால் ஒவ்வொன்றையும் பயந்து பயந்து பார்ப்பேன். முதல் நாள், பாப்பாவை எங்கே படுக்க வைப்பது என்று தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றேன். பாய் சொன்னார்: "கொழந்தை அழுவட்டும்மா, தப்பில்லை. ரெக்கார்டிங் ஓடறப்ப மட்டும் அழுவாம பாத்துக்க."

கோடு போட்டேன்

அதியமான்கோட்டையில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிற நாலு பேர் ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தார்கள். பெயர் இடிமுழக்கம். ஒரு கிதார், ஒரு டிரம்ஸ், மீதியெல்லாம் தொண்டை. பஸ் நிற்காமல் போவதற்கு ஒரு பாட்டு, மண்ணெண்ணெய் வரிசைக்கு ஒரு பாட்டு, மேஸ்திரியைத் திட்டி ஒரு பாட்டு. ராகம் கிடையாது, கோபம் உண்டு. அதுவரை கத்தியதில் நல்லதாகப் பொறுக்கி ஒரே கேசட்டாகப் போடவேண்டும் என்று வந்தார்கள். பாய்க்கு என்ன தோன்றியதோ, ஒப்புக்கொண்டார்.

குழுத் தலைவன் சேகர், மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த வெளிநாட்டுக் கேசட்டு ஒன்றைக் காட்டினான். அட்டையின் பின்பக்கம் கறுப்புக் கறுப்பாகக் கோடுகள், கீழே நம்பர். எதற்கென்று அவனுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஆனால் அது இல்லாமல் கேசட்டு வெளியே வரக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றான். நான் ஸ்கேலும் இண்டியன் இங்க்கும் எடுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைந்தேன். கீழே எங்கள் நம்பர் 305. சேகர் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "நடுவுல ஒரு கோடு இன்னும் குண்டாப் போடுங்கக்கா, நம்ம டிரம்ஸ்காரன் மாதிரி."

மூட்டை திரும்பி வந்தது

நெடுஞ்சாலைக் கடைகளை நம்பித்தான் பாய் அதிகமாகக் காப்பி போட்டிருந்தார். தொப்பூர் ஓட்டல் ஒன்றில் கண்ணாடி அலமாரி வைத்து டிரைவர்களுக்குக் கேசட்டு விற்பார்கள். பெரிய மூட்டை அங்கேதான் போனது. ஓட்டல்காரர் அதைத் தானே தூக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் தொப்பென்று போட்டார். ஒன்றுகூட விற்றிருக்கவில்லை.

"பாட்டு நல்லா இல்லீங்களா?" என்று கேட்டேன். பாட்டை யாருமே கேட்கவில்லையாம். டிரைவர்கள் எடுத்து நம்பரைப் பார்த்ததுமே கீழே வைத்துவிட்டார்களாம். கான்வென்டில் எனக்குக் கூட்டல் சொல்லிக்கொடுத்தார்கள். கூட்டிப் பார்த்துப் பயப்பட யாரும் சொல்லித்தரவில்லை. ஓட்டல்காரர் விரலை மடக்கிக் காட்டினார்: "மூணும் அஞ்சும் எட்டு. எட்டு சனியோட நம்பரும்மா. அதை வண்டியில வச்சிக்கிட்டு எவன் கணவாய் எறங்குவான்?"

கணவாய்க்குப் போனேன்

நம்பர் அட்டையில் அச்சாகிவிட்டது. மற்றக் கடைகளுக்கும் போய்விட்டது. இனி மாற்ற வழியில்லை. பாய் கோபப்படவில்லை. இந்த மூட்டை இப்படியே கிடந்தால் மாசக் கடைசியிலிருந்து கடையைத் தானே பார்த்துக்கொள்வதாக மட்டும் சொன்னார். வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான் வருகிறது. மறுநாள் காலை மூட்டையை ஒரு கையிலும் பாப்பாவை ஒரு கையிலும் தூக்கிக்கொண்டு தொப்பூர் பஸ் ஏறினேன். விபத்துக்கு அப்புறம் அந்தப் பக்கமே நான் போனதில்லை. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று பார்த்தேன். ஆனாலும் இறங்கவில்லை.

ஓட்டல்காரரைக் கெஞ்சிக் கேசட்டைப் போடச் சொன்னேன். முதல் கத்தலிலேயே பரோட்டா பிய்த்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. பாப்பாவும் சேர்ந்து வீறிட்டாள். "எட்டாம் நம்பரு, எடுத்து வையும்மா அப்பால" என்றார் ஒரு பெரிய மீசை டிரைவர். பாப்பாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னேன்: "அண்ணா, எங்க வூட்டுக்காரர் வண்டி நம்பரைக் கூட்டுனா ஒம்பதுங்க. ராசின்னு தேடி வாங்குனது. இதே கணவாய்லதான் கவுந்துது. நம்பர் தூங்கலைங்க, அவருதான் தூங்கிட்டாரு. இந்தக் கத்தல் ஓடியிருந்தா தூங்கியிருப்பாருங்களா?"

மீசைக்காரர் மிச்ச டீயைக் குடித்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அட்டையில் 305க்குப் பக்கத்தில் ஓர் ஆறு போட்டார்: "எட்டும் வாணாம், ஒம்பதும் வாணாம். ஆறு சேத்தா பதினாலு, கூட்டுனா அஞ்சு. அஞ்சு எல்லாருக்கும் ஆவும். ரெண்டு குடும்மா."

இல்லாத நம்பர்

அந்தப் பேனா மேஜை மேஜையாகப் போனது. மூட்டை காலியாகி, பாப்பாவை மட்டும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கொஞ்ச நாளில் கடத்தூர்க் கடைக்காரர் போன் போட்டு, "மூவாயிரத்து அம்பத்தாறு இருக்குதுங்களா? லாரிக்காரங்க எல்லாம் அதையே கேக்கறாங்க" என்றார். எங்களிடம் மூவாயிரம் வரிசையே கிடையாது. எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் பாப்பாவைத் தூக்கி முத்தம் கொடுத்தேன்.

தன் அட்டையில் கண்டவன் கிறுக்குகிறான் என்று சேகர் சண்டைக்கு வந்தான். விற்றுப்போனது தெரிந்ததும், "அப்ப அந்தக் கோடுங்களையும் மாத்தணுமாக்கா?" என்று இறங்கிவந்தான். கோடுகளை மாற்றவில்லை. அவற்றைக் கூட்டிப் பார்க்க இந்த ஜில்லாவில் யாருக்கும் தெரியாது. 3056 என்று புது அட்டை அச்சடிக்கக் கொடுத்துவிட்டு வந்த பாய் சொன்னார்: "மாசக் கடைசின்னு ஏதோ சொன்னேனே, அதை மறந்துடும்மா. அடுத்த நம்பரை மட்டும் கூட்டிப் பாத்துக் குடு."

கேசட்டுக்கு நம்பர் கொடுக்கிற வேலை என்னுடையதுதான், ஆனால் வாங்குகிறவர் சட்டைப்பையில் பேனா இருக்கிற வரைக்கும் கடைசி நம்பர் அவருடையது.