பொம்மையக்காவின் மகள் வாய் திறக்கவில்லை

எங்கள் பல் கிளினிக்கில் டாக்டரைவிடப் பொம்மையக்காவுக்குத்தான் பேர் அதிகம். உதவியாளர்தான் அவள். கருவிகளைச் சுத்தம் செய்வது, விளக்கைத் திருப்பிப் பிடிப்பது, எச்சில் உறிஞ்சும் குழாயை வாயோரம் வைப்பது, இவ்வளவுதான் வேலை. ஆனால் குழந்தை என்று ஒன்று வந்துவிட்டால் டாக்டரே ஒதுங்கி நின்று வழிவிடுவார். அவளிடம் கையில் மாட்டும் குரங்குப் பொம்மை ஒன்று இருந்தது. முதலில் குரங்கு வாயைத் திறக்கும், பிறகு பிள்ளை திறக்கும். முன்மேசையில் டோக்கன் கொடுக்கிற நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

வாசலிலேயே தரையில் புரண்டு அழுகிற பிள்ளையா, கவலையில்லை, அழுது முடித்தால் அடங்கிவிடும். "இது என்ன, அது எதுக்கு" என்று கேட்டே காலம் கடத்துகிறதா, பதில் சொல்லிக்கொண்டே வேலையை முடித்துவிடலாம். சில பிள்ளைகளுக்கு நாற்காலியில் ஏறியதும் ஒன்றுக்கு வந்துவிடும். சில கடிக்கும்; டாக்டரின் ஆள்காட்டி விரலைப் பார்த்தால் தெரியும். பொம்மையக்கா இவர்கள் யாருக்கும் அசரமாட்டாள்.

"சத்தமே போடாம உக்காந்திருக்கும் பாரு, அதுக்குத்தான் நான் பயப்படுவேன். உள்ளுக்குள்ள என்ன ஓடுதுன்னே தெரியாது" என்பாள்.

எந்தத் தாயாவது, "அழுதே, பெரிய ஊசி போடச் சொல்லிடுவேன்" என்று மிரட்டினால் போதும், பிடிபிடியென்று பிடித்துக்கொள்வாள். "டாக்டரைப் பூச்சாண்டி ஆக்காதீங்கம்மா. நாளைக்கு நெசமாவே வலிச்சாலும் சொல்ல மாட்டாங்க."

அவள் மகள் இரண்டாம் வகுப்பு. அப்பா லாரியில் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். அதனால் பள்ளி விட்டதும் நேராக இங்கே வந்து என் மேசைக்குப் பக்கத்து பெஞ்சில் உட்காருவாள். உள்அறைக் கதவைத் தாண்டி ஒருநாளும் போனதில்லை. தங்கமான பிள்ளை என்று எல்லோரும் சொல்வார்கள்.

ஒருநாள், வீட்டுப்பாடம் முடித்துவிட்டதாக அவள் சொன்னது பொய் என்று தெரிந்துபோனது. கையில் கருவித் தட்டோடு வந்த பொம்மையக்கா அலுப்பில் கத்தினாள். "இன்னொரு தடவை பொய் சொன்னே, டாக்டர் மாமாகிட்ட சொல்லி ஒரு பல்லு விடாம பிடுங்கச் சொல்லிடுவேன்!"

"அடுத்தவங்களைத் திட்டுவீங்க, இப்ப நீங்களே பூச்சாண்டி காட்டுறீங்களாக்கா?" என்றேன்.

"சும்மா சொல்றேன்னு என் பொண்ணுக்குத் தெரியாதா?"

அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். குழந்தை சிரிக்கவில்லை. உள்ளே பல்லைக் குடையும் மெஷின் ஓடத் தொடங்கியதும் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் பிஸ்கட்டை என் பக்கம் தள்ளத் தொடங்கினாள். தின்றாலும் ஒரு பக்கமாகவே மென்றாள். அக்காவிடம் சொன்னேன். கூப்பிட்டுக் கேட்டாள்.

"பல்லு வலிக்குதாடி?"

"இல்லம்மா."

"பால்பல்லு ஆடுது போல" என்றாள் என்னிடம். உள்ளே வேறொரு பிள்ளை அலறியது. குரங்கை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

பிறகு ஒரு காலையில் கிளினிக் திறக்கும்போதே மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். குழந்தையின் ஒரு பக்கக் கன்னம் வீங்கித் தாடைக்குக் கீழே கல்லாக இறுகியிருந்தது. உடம்பு கொதித்தது. எச்சிலை விழுங்க முடியாமல் சட்டையெல்லாம் ஈரம். தொட்டுப் பார்த்த டாக்டரின் முகம் மாறியது.

"பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி வரச் சொல்லிட்டேன். ஆனா அதுவரைக்கும் சும்மா இருக்க முடியாது. வீக்கம் தொண்டைக்கு இறங்கினா மூச்சே நின்னுடும். சீழை இப்பவே வெளியே எடுக்கணும். வாயைத் திறக்கச் சொல்லும்மா."

குழந்தை திறக்கவில்லை. அழவும் இல்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, சொன்னபடியெல்லாம் சாய்ந்து, வாயை மட்டும் பூட்டிக்கொண்டு கிடந்தாள். பொம்மையக்கா எப்போதும் பயந்தது இந்த மாதிரிப் பிள்ளைக்குத்தான். மூச்சு ஒவ்வொன்றும் கரகரவென்று வந்தது. அக்கா குரங்கை மாட்டினாள். குரங்கு வாயைத் திறந்தது. மகள் குரங்கைப் பார்க்கவில்லை, அதற்குள் இருந்த அம்மாவின் கையைப் பார்த்தாள்.

"ஏன்டி கண்ணு, வலிக்குதுன்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

பல்லைக் கடித்தபடியே குழறினாள். "அன்னிக்கு இல்லன்னு சொன்னேனே. இப்பச் சொன்னா அது பொய்யாயிடும்ல?"

பொம்மையக்கா குரங்கைக் கழற்றி வீசினாள். நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு வாய்விட்டு அழுதாள்.

"யாரும் பல்லைப் பிடுங்க மாட்டாங்கடி தங்கம். நாந்தான் பொய் சொன்னேன். அம்மாதான் பொய் சொன்னேன்!"

குழந்தையின் கண்கள் விரிந்தன. பக்கத்தில் கருவியோடு நிற்கும் டாக்டரைப் பார்த்தாள். சட்டென்று சூடான கையை நீட்டி அம்மாவின் வாயைப் பொத்தினாள்.

"சத்தமா சொல்லாதம்மா. மாமாவுக்குக் கேட்டுடும்."

பொத்திய கையை எடுக்காமல் டாக்டர் பக்கம் திரும்பித் தன் வாயைத் திறந்தாள்.