மர்லியாவுக்கு ஊட்டிய மீனெண்ணெய்

வெள்ளவத்தை காலி வீதியில் பதியுதீனுக்கு ஒரு மருந்துக்கடை இருந்தது. சத்து மருந்துகளில் அவருக்கு அசையாத நம்பிக்கை. சோர்வு என்று வந்தவர் யாரும் அவரிடம் போத்தல் ஒன்று வாங்காமல் திரும்பியதில்லை.

இரண்டாம் உலக யுத்தகாலத்தில் கூப்பனுக்குக் கிடைத்த அரிசி போதாமல் போனது. அவருடைய மனைவி மர்லியா, இருந்த சோற்றையும் கறியையும் கணவனுக்கும் மகள் ரபீக்காவுக்கும் வைத்துவிட்டு, தான் பாணும் பால் விடாத பிளேன்ரீயுமாக ஒப்பேற்றினாள். கேட்டால் "எனக்குப் பசி இல்ல" என்பாள். முதலில் அவளுக்குக் கால் விறைத்தது. பிறகு மறதி வந்தது. ஒரு றமழானில் பொழுது சாயுமுன்பே, அஸர் தொழுகை நேரத்திலேயே பேரீச்சம்பழத்தைக் கடித்து நோன்பு திறந்தாள். இன்னொரு நாள் சந்தைக்குப் போனவள் வீட்டுக்கு வழி தெரியாமல் கடலோரத் தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பிடாமக் கெடந்ததுதான் காரணம்" என்றார் பதியுதீன். கப்பல்காரர்களைப் பிடித்து விற்றமின் குளிசை எடுப்பித்தார். டொக்டர் நோபேட் ஊசியும் போட்டார். சில மாதங்களில் கால் விறைப்பு போய்விட்டது. மர்லியா தானாகக் கிணற்றடிக்கு நடந்தாள். அன்று பதியுதீன் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னார்.

மறதி மட்டும் போகவில்லை. ஒரு காலையில் ரபீக்காவைப் பார்த்து, "நீங்க யாருட மகள்?" என்று கேட்டாள்.

டொக்டர் மறைக்காமல் சொன்னார். "கால் வருத்தம் சாப்பாட்டுக் குறைவால வந்தது. அது மாறீட்டுது. இது வேற வருத்தம், பதியுதீன். மூளை தேஞ்சு போகுது. இதுக்கு எங்களிட்ட மருந்தில்லை."

"அப்ப அவ ஒழுங்காச் சாப்பிட்டிருந்தா இது வந்திருக்காதோ?"

"அதை என்னால சொல்லேலாது. ஆராலயும் சொல்லேலாது."

பதியுதீனால் அதை ஏற்க முடியவில்லை. காலைத் தேற்றிக் கொடுத்த மருந்து தலையை மட்டும் கைவிடுமா? குளிசையைக் கூட்டினார். மீனெண்ணெயையும் சேர்த்தார். அந்த நாற்றம் மர்லியாவுக்குப் பிடிக்கவில்லை, துப்பினாள். அவர் அவளுடைய தாடையைப் பிடித்து ஊற்றினார். இப்படியே பல வாரம் நடந்தது. ஒரு நாள் அவள் சுவரோடு ஒண்டிக்கொண்டு அழுதாள்.

"நான் என்ன செஞ்சேன்? ஏன் எனக்கு நஞ்சு தாறீங்க?"

ரபீக்கா கரண்டியைப் பறித்தாள். "வாப்பா, போதும். உம்மா பயப்படுறாங்க."

அன்றோடு அவர் நிறுத்தினார். ஆனால் காலம் கடந்திருந்தது. அவர் கணவன் என்பதையும் அவருடைய பெயரையும் மறந்த மர்லியா, வாயைப் பிடித்துத் திறந்த கையை மட்டும் மறக்கவில்லை. அவர் சோறு பிசைந்து நீட்டினாலும் உதட்டை இறுக மூடிக்கொள்வாள். ரபீக்கா ஊட்டினால் பிள்ளை போல வாங்கிக்கொள்வாள்.

யுத்தம் முடிந்து அரிசி கிடைக்கத் தொடங்கியது. அதிகாலையில் பதியுதீனே எழுந்து, தேங்காய்ப்பால் விட்டு, அவளுக்குப் பிடித்தமாதிரி கஞ்சி காய்ச்சுவார். ஆறவைத்து மகளிடம் கொடுத்துவிட்டு, மர்லியாவின் கண்ணில் படாமல் கதவுக்கு வெளியே நின்று கொள்வார்.

"குடிக்கிறாளா?"

"ஓம் வாப்பா."

நாற்பத்தேழாம் ஆண்டு மழைக்காலத்தில் மர்லியா காலமானாள். கடைசி நாளிலும் இரண்டு கரண்டி கஞ்சி குடித்தாள். அது ரபீக்காவின் கையால்.