அம்சவள்ளி கேட்ட கடைசிக் கேள்வி

அம்சவள்ளிக்கு மரக்காணம் உப்பளத்தில் இரண்டு வேலை. காலையில் மற்றப் பெண்களோடு உப்புச் சுமப்பாள். சாயங்காலம் ஆள் சொல்லப் போவாள். மறுநாளைக்கு எத்தனை பேர் வேண்டும் என்பதை மட்டும் மேஸ்திரி சகாதேவன் சொல்லுவார். யாருக்கு முறை என்பதை அவளே மனத்தில் வைத்திருந்து, வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த மறுவருஷத்திலிருந்து இதைச் செய்கிறாள். முறை மாற்றிச் சொன்னாள் என்று ஒருத்தியும் அவளோடு சண்டைக்கு வந்ததில்லை.

அதில் அவளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. வாசலில் நின்று, "நாளைக்கு வர்றியா?" என்று கேட்டால் வேலை இருக்கிறது. "நாளைக்கு வீட்ல வேல எதனா வெச்சிருக்கியா?" என்று கேட்டால் வேலை இல்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு வீட்டு வாசலில் நின்று இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. வீட்டிலிருக்கிறவர்களும் புரிந்துகொண்டு, "ஆமாக்கா, துணி தொவைக்கணும்" என்பார்கள். அவ்வளவு துணி அந்த வீட்டில் இருக்காது.

கடல் உள்ளே புகுந்த மார்கழிக்குப் பிறகு அளம் முழுக்கச் சேறு மூடிக் கிடந்தது. அப்போது அவள் அந்த இரண்டாவது கேள்வியை மட்டுமே கேட்டுக்கொண்டு தெருத் தெருவாக நடந்தாள். அவளைத் தூரத்தில் பார்த்ததுமே சில வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மறுபடி பாத்திகளைச் சீர்செய்து, உப்பு விளைந்து, "வர்றியா?" என்று கேட்கிற காலம் வந்தபோது, அவளுக்கே உடம்பு லேசான மாதிரி இருந்தது.

அடுத்த வருஷம் சித்திரையில் சட்டமன்றத் தேர்தல். அப்போதுதான் ஃபாரிஸ் அவளைத் தேடி வந்தான். கோட்டக்குப்பத்துக்காரன், செல்போன் சிம் கார்டு விற்றுக்கொண்டிருந்தவன். இப்போது ஒரு கம்பெனிக்கு சர்வே எடுக்கிறான். கடலோரமாக நிலம் வாங்கிக் கம்பி வேலி போட்டு வைத்திருந்த கம்பெனி அது. வேலிக்கு உள்ளே என்ன வரப்போகிறது என்று ஊரில் யாருக்கும் தெரியாது.

"யக்கா, இந்த ஊர்ல எல்லா வாசலும் உங்களுக்குத் தெரியுமாமே?"

"வாசல்தான் தெரியும். உள்ள போனதில்ல."

"வாசலே போதும்க்கா."

சில கேள்விகளை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தான். கையில் காகிதம் வைத்துக்கொள்ளக் கூடாது என்றான். "பேப்பர பாத்தா ஜனங்க பயந்துடுவாங்க. நீங்க எப்பவும் பேசற மாதிரி பேசுங்க."

குடிதண்ணீர் வருகிறதா, ரோடு எப்படி இருக்கிறது, ரேஷனில் அரிசி சரியாகப் போடுகிறார்களா என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரு கேள்வி. தேர்தலில் நின்ற ஒருவரின் பெயரைச் சொல்லி, அவர் ஜெயித்து வந்து உப்பளத்தை மூடிவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்க வேண்டும்.

அம்சவள்ளி திடுக்கிட்டாள். "மூடப் போறாங்களா?"

"மூடுவாங்கன்னு யாருக்கா சொன்னது? மூடிட்டா என்னா பண்ணுவீங்கன்னுதான கேக்கறோம். வெறும் கேள்விக்கா."

மூன்று சாயங்காலம் கேட்டாள். ஆள் சொல்லப் போகும்போதே இதையும் கேட்டுவிட்டு வந்தாள். முதல் கேள்விகளுக்கு எல்லாரும் கலகலவென்று பேசினார்கள். "என்னாடி அம்சா, நீயே எலெக்ஷன்ல நிக்கப்போறியா? என் ஓட்டு உனக்குத்தான்டி, பொடவ மட்டும் நல்லதா எடுத்துக் குடு" என்று கூட உப்புச் சுமக்கிற கொளஞ்சியம்மாள் கேலி செய்தாள். கடைசிக் கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. கொளஞ்சியம்மாள்கூட அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஃபாரிஸிடம் அதைச் சொன்னாள். "கடைசிக் கேள்விக்கு ஒருத்தரும் வாயே தெறக்கலப்பா."

"பரவால்லக்கா. கேட்டுட்டீங்கல்ல?"

முன்பே பேசிவைத்திருந்த கூலியைக் கொடுத்துவிட்டுப் போனான். பதில் வேண்டாம் என்றால் எதற்காகக் கேட்கச் சொன்னான்? அன்றைக்குச் சோறு வடிக்கும்போதுதான் அது அவளுக்குத் தோன்றியது. தோன்றிய பிறகு விடவில்லை.

உப்புக் கூடையை யாரும் தனியாகத் தலைக்கு ஏற்றிக்கொள்ள முடியாது. ஒருத்தி தூக்கிவிட வேண்டும். அம்சவள்ளிக்குத் தூக்கிவிடுகிறவள் சவரியம்மாள். புருஷன் இல்லாதவள். ஒரே மகள் ஜான்சி, பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தாள். மறுநாள் கூடையைத் தூக்கிவிட்டுக்கொண்டே சவரியம்மாள் சொன்னாள்.

"நாளைக்கு வெள்ளிக்கிழம ஜான்சிய நூல் மில்லுக்கு அனுப்பறேன். மூணு வருஷம் அங்கயே தங்கி வேல. ஏஜென்ட்டு வேன் மெயின் ரோட்டுக்கு வருது."

கூடை தலையில் ஆடியது. "பதினொண்ணாவது படிக்க வெக்கறன்னியே?"

"அளமே போவுது. எத வெச்சுப் படிக்க வெக்கறது?"

"அளம் போவுதுன்னு யாரு சொன்னா?"

சவரியம்மாள் சிரித்தாள். "நல்லா இருக்குதுடி. நீதான வந்து சொன்ன."

"நான் எங்க சொன்னேன்? கேட்டேன்."

"நீ என்னிக்கு எதச் சொல்லியிருக்க? எப்பவும் கேக்கத்தான செய்வ. அளத்துல சேறு கெடந்தப்பவும் வீட்ல வேல இருக்குதான்னுதான் கேட்ட. நாங்க புரிஞ்சுக்கல?"

அம்சவள்ளி கூடையோடு நடந்தாள். வரப்பு எப்போதும் நடக்கிற வரப்புதான். அன்றைக்குக் கால் எங்கே படுகிறது என்று பார்த்துப் பார்த்து வைத்தாள்.

வேலை முடிந்ததும் மேஸ்திரியிடம் போனாள். "அளத்த மூடறாங்களா மேஸ்திரி?"

"அதான் ஊரே பேசுதே. நானும் முதலாளி காதுல போட்டேன். புதுப் பாத்திக்கு மண்ணு போடற வேலைய நிறுத்தச் சொல்லிட்டாரு. நாளையிலேர்ந்து பாதி ஆளு போதும்."

"ஊர்ல யாரு பேசினது? உங்களுக்கு யாரு சொன்னது?"

"வீட்ல சொன்னா." சகாதேவன் அவளை விநோதமாகப் பார்த்தார். "நீ வந்து கேட்டியாமே?"

நேற்று வரைக்கும் இல்லாதது இன்றைக்கு உண்டாகிவிட்டது. பாதிப் பெண்களுக்கு நாளைக்கு நிஜமாகவே வேலை இல்லை.

கடைத்தெருவில் ஃபாரிஸைப் பிடித்தாள். ஒலிபெருக்கி கட்டிய ஜீப்பில் ஏறப் போனவன் அவளைப் பார்த்ததும் இறங்கினான். ஜீப்பில் வேறொரு வேட்பாளரின் படம் கட்டியிருந்தது. "உப்பளத்தைக் காக்க, உங்கள் பிழைப்பைக் காக்க" என்று ஒலிபெருக்கி அலறியது. கேள்வி இவள் வாயிலிருந்து போனது. பதில் ஜீப்பில் ஏறி வருகிறது. இந்தப் படத்தில் இருப்பவர் வேலி போட்ட கம்பெனிக்கு வேண்டியவர், அவருக்கு ஓட்டு விழத்தான் கம்பெனி அந்தக் கேள்வியைக் கேட்க வைத்தது என்பதெல்லாம் நடுத்தெருவில் நின்றபோதுதான் அவளுக்கு விளங்கியது.

"நீ சொன்னத கேட்டு ஊரே பயந்து கெடக்குது. இப்பப் போயி அது பொய்னு சொல்லட்டா?"

"கேள்வி எப்டிக்கா பொய்யாவும்?" என்றான் ஃபாரிஸ். ஆனால் அவன் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினான். "எனக்கும் மேலேர்ந்துதான் வருது. எங்க தெருவுக்கு வேற கேள்வி குடுத்தாங்க. நானே போய்க் கேட்டேன். ரெண்டு நாளா எங்கம்மா சரியா சாப்பிடல."

"அப்ப ஏன்டா கேட்ட?"

அதற்குள் டிரைவர் ஹாரன் அடித்தான். ஃபாரிஸ் ஏறிக்கொண்டான்.

அன்றைக்கு, வியாழக்கிழமை சாயங்காலம், ஆள் சொல்லக் கிளம்பினாள். முதல் வீடு கொளஞ்சியம்மாளுடையது. "யக்கா, அன்னிக்கு நான் கேட்டது கம்பெனிக்காரன் எழுதிக் குடுத்த கேள்வி. அளத்த மூடறதா யாரும் சொல்லல" என்றாள்.

கொளஞ்சியம்மாள் வெளியே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப இப்டிச் சொல்லச் சொல்லி அனுப்பினாங்களா? அப்ப மூடறது நெசந்தான். எப்பன்னாவது சொல்லுடி, உனக்குப் புண்ணியமா போவும்."

அதற்குப் பிறகு அவள் யாரிடமும் மறுத்துப் பேசவில்லை. மறுக்க மறுக்க அது வளரும் என்று தெரிந்துவிட்டது. முறை உள்ளவர்களிடம் வர்றியா என்று கேட்டாள். முறை இல்லாத வீடுகளில் மற்றதைக் கேட்டாள். துணி துவைக்க வேண்டும் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்கள்.

பாதி ஆள் என்று ஆனதில் சவரியம்மாளுக்கு முறை இல்லை, அம்சவள்ளிக்கு இருந்தது. சவரியம்மாள் வீட்டுக்குப் போகிற சந்தில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வாசலுக்குப் போனாள். உள்ளே ஒரு பையில் துணிமணி கட்டி வைத்திருந்தார்கள். ஜான்சி அதன் பக்கத்தில் உட்கார்ந்து தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு வர்றியா?"

கொளஞ்சியம்மாளிடம் சொன்னது அதற்குள் இந்த வீட்டுக்கும் வந்திருந்தது. சவரியம்மாள் பதில் சொல்வதற்குள் ஜான்சி முந்திக்கொண்டாள். "இது கம்பெனி கேள்வியா ஆன்ட்டி, அளத்துக் கேள்வியா?"

"ஏய், வாய மூடு" என்றாள் தாய். ஆனால் அவளும் பதிலுக்காகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்சவள்ளி சவரியம்மாளைப் பார்த்துச் சொன்னாள். "கேள்வி இல்ல. சொல்றேன். நாளைக்கு உனக்கு வேல இருக்குது. ஓட்டு முடிஞ்சப்புறம் என்னா ஆவும்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அது தெரிஞ்ச மாதிரி நான் வந்து கேட்டிருக்கக் கூடாது. நாளைக்கு இருக்குது. அது மட்டும் எனக்குத் தெரியும்."

பதிலுக்கு நிற்காமல் அவள் திரும்பி நடந்தாள்.

வெள்ளிக்கிழமை விடியும்போது தன் முறையை விட்டுக்கொடுத்ததால் தனக்கு வேலை இல்லை என்று தெரிந்தும் அளத்துக்குப் போனாள். வரப்பில் சவரியம்மாள் வந்துகொண்டிருந்தாள். பின்னால் ஜான்சி, கையில் அந்தப் பை. "வேல நெசமா இருக்குதான்னு கண்ணால பாக்கணுமாம் அவளுக்கு. இல்லன்னா இப்டியே வேனுக்குப் போறாளாம்" என்றாள் சவரியம்மாள்.

சகாதேவன் பெண்களை எண்ணிக்கொண்டே வந்தார். அம்சவள்ளியிடம் நின்றார். "என்னாம்மா, ஒரு ஆளு கூட இருக்குது? நான் சொன்னது பாதிதான?"

பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜான்சி பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

"சவரியம்மாளுக்குத்தான் முறை மேஸ்திரி. என் எடத்துல அது நிக்குது" என்றாள் அம்சவள்ளி. "எனக்கு வீட்ல துணி தொவைக்கணும்."

அவளுக்கு முன்னால் நின்ற கொளஞ்சியம்மாள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். சகாதேவன் அடுத்த ஆளை எண்ணப் போனார்.

முதல் கூடை நிறைந்தது. அம்சவள்ளி குனிந்து ஒரு பக்கம் பிடித்துச் சவரியம்மாளின் தலைக்கு ஏற்றிவிட்டாள். சவரியம்மாள் கழுத்தை நிமிர்த்தி, உப்புக் குவியலைப் பார்த்து நடந்தாள். மெயின் ரோட்டுப் பக்கமிருந்து வேனின் ஹாரன் கேட்டது. ஜான்சி அந்தப் பக்கம் திரும்பினாள்.

இரண்டாவது முறை ஹாரன் அடித்தபோது ஜான்சி பையைக் கீழே வைத்தாள். பிறகு அதன்மேலேயே உட்கார்ந்து, தாய் கூடையைக் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேன் கிளம்பிப் போகிற சத்தம் கேட்கும் வரைக்கும் அவள் எழவில்லை.

அம்சவள்ளி வீட்டைப் பார்த்து நடந்தாள். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. தேர்தலுக்கு இன்னும் நாள் இருந்தது. தெருமுனையில் ஜீப்பின் ஒலிபெருக்கி அதே வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. சாயங்காலம் அவள் மறுபடி ஆள் சொல்லப் போக வேண்டும். எந்த வீட்டில் எதைச் சொல்லுவது என்று ஒவ்வொரு வாசலாக நினைத்துக்கொண்டே போனாள். கேட்பது என்ற எண்ணம் வரும்போதெல்லாம் அதைத் தள்ளிவிட்டு, சொல்லுவது என்று மாற்றிக்கொண்டாள்.