டீச்சர் நடந்த பதினோராயிரம் அடிகள்

டிப்போவில் அவளை ‘ஹாரன் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருடமாக நகரப் பேருந்து ஓட்டியும் தேவையில்லாமல் ஒரு தடவைகூட ஹாரன் அடிக்காதவள் என்பதற்காகக் கேலியாக வைத்த பெயர். நாற்பத்தேழு வயதில் இடது மார்பில் புற்றுநோய். மார்போடு அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். கீமோ, கதிர்வீச்சு, அதன்பின் ஆறு வாரப் பயிற்சி எல்லாம் முடிந்தும் இடது கை தோளுக்கு மேலே ஏறவில்லை. ஸ்டீயரிங்கை முழுதாக வளைக்க அந்தக் கை வேண்டும்.

கடைசி நாளன்று, பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் பெண் அவளுடைய போனில் ஒரு செயலியை ஏற்றினாள். “இனிமே நான் கூட இருக்க மாட்டேன். இது இருக்கும். எத்தனை அடி எடுத்து வச்சு நடந்தீங்க, சுவத்துல விரல எவ்வளவு உயரம் ஏத்துனீங்கன்னு தினமும் கேக்கும்.”

“உக்காந்துக்கிட்டே ஊரைச் சுத்துறவ நான். என்னைப் போய் நடக்கச் சொல்றீங்களே!”

“துணைக்கு ஒரு ஜோடியும் போட்டிருக்கேன்க்கா.”

ஜோடி, நகரத்தின் மறுகோடியில் இருந்த ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை. அதே அறுவை சிகிச்சை, அதே மாதம். திரையில் இரண்டு பச்சைக் கோடுகள் அருகருகே இருந்தன. நடக்க நடக்க அவரவர் கோடு வளரும்.

வீட்டில் கணவர் அவளைக் கட்டிலைவிட்டு இறங்க விடவில்லை. எலக்ட்ரீஷியன் அவர். “தண்ணியா? நீ எந்திரிக்காதே, நான் எடுத்துத் தரேன்” என்பார். அன்பாகத்தான் சொன்னார். அவளுக்கோ வீட்டுச் சாமான்களில் ஒன்றாகிவிட்டதுபோல் இருந்தது.

முதல் நாள் அவர் வேலைக்குப் போனதும் தெருமுனை வரை போய்த் திரும்பினாள். அறுநூற்று நாற்பது அடி. மாடிப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது டீச்சரிடமிருந்து செய்தி வந்தது: ‘நான் எழுநூத்திப் பத்து. உங்களைவிட எழுபது அடி கூட. ஸ்கூலுக்கு லீவு விட்டுடலாமா?’

அவள் சிரித்துவிட்டாள். தையல் தழும்பு சுரீரென்று இழுத்தது. ஆபரேஷனுக்குப் பின் அதுதான் முதல் சிரிப்பு.

அதன்பின் நடக்காமல் இருக்க முடியவில்லை. காலையில் டீச்சரின் கோடு ஓரங்குலம் வளர்ந்திருந்தால் அவள் செருப்பைத் தேடுவாள். கணவரும் மெல்ல வழிக்கு வந்தார்; சமையலறைச் சுவரில் விரல் எட்டிய உயரத்தை டேப் வைத்து அளந்து, தேதியோடு பென்சில் கோடு போட்டார். கோடுகள் மேலேறின. இருவரும் நாலாயிரம் அடியைத் தொட்டார்கள். நேரில் மட்டும் பார்த்துக்கொண்டதில்லை.

ஐந்தாவது மாதம் டீச்சரின் செய்திகள் குறைந்து, நின்றே போயின. ஆனால் கோடு மட்டும் தாறுமாறாக வளர்ந்தது. எட்டாயிரம், ஒன்பதாயிரம், ஒரு நாள் பதினோராயிரம். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. வெயிலென்றும் பாராமல் நடந்தாள். கால் கொப்பளித்தது. கடைசியில் குரல் பதிவு அனுப்பினாள்: “என்ன டீச்சர், ஒரு வார்த்தை பேச நேரமில்ல, ஓட்டப் பந்தயத்துக்கா தயாராகுறீங்க?”

பதில் ஆண்குரலில் வந்தது.

“நான் டீச்சரோட வீட்டுக்காரரும்மா. அவங்க ஆஸ்பத்திரில இருக்காங்க. எலும்பு வரைக்கும் பரவிடுச்சு. மூணு வாரமாச்சு. ‘என் கோடு நின்னா டிரைவரக்கா பயந்து நின்னுடுவாங்க, போனை உங்க பாக்கெட்டுல போட்டுக்கிட்டு நடங்க’ன்னு சொன்னாங்க. எனக்கும் ஒரு இடத்துல உக்கார முடியல. வராந்தாவிலயே நடந்துக்கிட்டிருக்கேன்.”

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கட்டிலில் இருந்தவள் அவள் நினைத்ததைவிடச் சின்னவள், நாற்பதுகூட இருக்காது.

“கோவமாக்கா?”

“காப்பி அடிக்கிற டீச்சரை இப்பத்தான் பாக்குறேன்.”

டீச்சர் சிரிக்கப் பார்த்தாள், இருமல்தான் வந்தது. “கையைத் தூக்குங்க, பாக்கணும்.”

அவள் இடது கையைத் தூக்கினாள். காதை ஒட்டி நேராக நின்றது. டீச்சர் வெகுநேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எனக்கு இவ்வளவு ஏறவே இல்லக்கா” என்றாள். டிரைவருக்குக் கையை எப்படிக் கீழே இறக்குவதென்று தெரியவில்லை.

பத்தொன்பது நாளில் டீச்சர் போய்விட்டாள். சாவுச் செய்தியைச் சொல்லும்போது டீச்சருடைய கணவரின் குரல் உடையவில்லை, “போனை அணைச்சுடவாம்மா?” என்று கேட்டபோதுதான் உடைந்தது.

மறுநாள் காலை செயலி வழக்கம்போல் மணியடித்தது. ‘உங்கள் ஜோடி இன்னும் நடக்கத் தொடங்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லி உற்சாகப்படுத்துங்கள்!’ போனைக் கவிழ்த்துவைத்துவிட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டாள். இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் கணவர் அவளுடைய செருப்பைக் கொண்டுவந்து கட்டிலடியில் வைத்தார்.

“எந்திரி. நானும் வரேன்.”

அவர் அப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. இருவரும் நடந்தார்கள். மூன்றாவது தெருவில் அவளுக்கு அழுகை வந்தது. அவர் நிற்கச் சொல்லவில்லை. நடையை மட்டும் கொஞ்சம் குறைத்தார்.

இரண்டு மாதம் கழித்து டிப்போ மருத்துவர் தகுதிச் சான்று கொடுத்தார். சாயங்காலத்தில் கை இன்னும் வீங்குகிறது. இறுக்கமான கையுறை ஒன்றைத் தோள்வரை மாட்டிக்கொண்டுதான் வண்டி எடுக்கிறாள். வேறு ஜோடி போடட்டுமா என்று பிசியோதெரபிஸ்ட் முன்பு கேட்டபோது பிடிவாதமாக மறுத்தவள், வேலைக்குத் திரும்பிய வாரம் தானே போன் செய்தாள்.

“யாராவது புதுசா பயிற்சி முடிச்சிருக்காங்களாம்மா? மெதுவா நடக்கிறவங்களா இருந்தாலும் பரவாயில்ல.”