கரிநாக்கர் கேட்ட பறை

என் கதைகளில் ஒரு கரிநாக்கர் வருவார். நானே உண்டாக்கிய ஆள். உலகத்தில் எதுவும் உருப்படாது என்பது அவர் கட்சி. எந்தப் பாட்டும் அவருக்குப் பிடிக்காது. காதல் பாட்டைக் கேட்டால், “நாலு புள்ளையப் பெத்த பிறகு பாடட்டும், பாப்பம்” என்பார். கோயில் ஒலிபெருக்கி அலறினால், “சாமிக்குக் காது மந்தமோ?” என்பார். ஆயுதம் தூக்கிய இயக்கத்தின் பாட்டுக்கு மட்டும் வாய் திறக்கமாட்டார். பயம் அவருக்கல்ல, எனக்கு.

அவர் காதுகொடுத்துக் கேட்பது பறைமேளம் ஒன்றைத்தான். எங்கள் பக்கம் சாவு வீட்டிலும் பறை அடிப்பார்கள், அம்மன் கோயில் சடங்கிலும் அடிப்பார்கள். அடி வேறு வேறு. எது எதுவென்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். கரிநாக்கரோ, “ரெண்டும் ஒண்டுதான்” என்று அடம்பிடிப்பார். என் அண்ணன் அந்த இடத்தைத் தன் மனைவிக்கு, என் மச்சாளுக்கு, வாசித்துக் காட்டி விழுந்து விழுந்து சிரிப்பான். மச்சாள் முகத்தைச் சுளிப்பாள். “மூதேவி புடிச்ச மனிசன். இவனை எழுதாத புள்ள” என்பாள் என்னிடம்.

சுனாமியில் அண்ணன் போய்விட்டான். கரையொதுங்கிய எல்லாரையும் ஒரே குழியில் போட்டு மூடினார்கள். பறை அடிக்க யாரும் இல்லை. மச்சாள் அழவில்லை. “மேளம் அடிக்காம ஒரு மனிசன் எப்பிடிப் போவான்?” என்று கேட்டாள். ஒவ்வொரு இரவும் அவனுக்கென்று சோறு மூடி வைத்தாள். காலையில் அதை நாய்க்குக் கொட்டினாள். இவளுக்குப் புத்தி பேதலித்துவிடுமோ என்று பயந்தேன்.

வைகாசியில் அம்மன் கோயில் கதவு திறந்து சடங்கு தொடங்கியது. பறை முழங்கியதும் மச்சாள் முற்றத்தில் இறங்கினாள். தலைமயிரை அவிழ்த்துவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அயல் பெண்கள் பதறிப்போய், “அது கோயில் மேளங்கா, சாவு மேளமில்ல” என்று பிடித்தார்கள். நானும் அதையே சொன்னேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

“உன்ட ஆள்தானே சொன்னான், ரெண்டும் ஒண்டுதான் எண்டு. என்னை அழ விடு.”

அன்றைக்கு அவள் சோறு மூடி வைக்கவில்லை.

அரசுக்கும் இயக்கத்துக்கும் நடந்த சண்டை முடிந்த வருடம் தெருவில் வெடி கொளுத்தினார்கள். பக்கத்து வீட்டுக்காரியின் மகனை அதற்கு முன்பே இயக்கம் சண்டைக்கென்று வன்னிக்குக் கொண்டுபோயிருந்தது. அவன் திரும்பி வரவில்லை. செத்துவிட்டான் என்றும் யாரும் வந்து சொல்லவில்லை. அந்த வைகாசியிலும் கோயிலில் பறை கேட்டது. அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எங்கள் குசினிக்குள் ஓடிவந்தாள்.

“சாவு மேளம் மாதிரிக் கேக்குதுகா” என்றாள்.

மச்சாள் என்னைப் பார்க்கவேயில்லை. அடுப்படியிலிருந்து எழுந்து வந்து அவள் கைகளைக் காதிலிருந்து மெல்ல எடுத்தாள்.

“இல்ல புள்ள. நல்லாக் கேளு. இது கோயில் மேளம். அது வேற, இது வேற.”