மூன்று மாத நெல்லும் இரண்டாம் பிரிவும்

காலில் பூசிய நோவெண்ணெய் மணம் அம்மா சமைக்கும் குசினி வரைக்கும் வந்துவிட்டால் அண்ணா பயிற்சி முடிந்து வந்துவிட்டார் என்று அர்த்தம். உருத்திரபுரத்தில் எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் கோல் காப்பாளர் அவர். நான் ஐந்தாம் தரத்தில் படித்த ஆண்டில் அந்தக் கழகம் தேசிய இரண்டாம் பிரிவு லீக்கில் தன் குழுவில் முதலிடம் பிடித்தது; மிச்சமிருந்தது கொழும்பில் நடக்கவிருந்த இறுதிச் சுற்று மட்டும், அதில் வென்றால் முதலாம் பிரிவு.

அந்தச் சுற்று ஆவணியில் என்று கடிதம் வந்தது. ஆவணி எங்களுக்குச் சிறுபோக நெல் வெட்டும் காலம், விளையாடுகிறவர்களோ எல்லோரும் வயற்காரர். ஆகவே ஆடிக்குள் வெட்டி முடித்துவிடலாம் என்று அத்தனை பேர் வீட்டிலும் "மூண்டு மாத நெல்லு" விதைத்தார்கள். விளைச்சல் குறையும் என்று தெரிந்தும் அப்பா மறுக்கவில்லை. "ஒரு போகம் குறைஞ்சாக் குறையட்டும், அவன் பெரிய பிரிவிலை நிக்கட்டும்" என்றார். ஊர் வயலெல்லாம் பச்சையாக நிற்க எங்களுடையவை மட்டும் முந்தி விளைந்ததால் சுற்றுவட்டாரத்துக் குருவியெல்லாம் அங்கேதான் இறங்கின; நானும் அம்மாவும் தகரம் தட்டித் தட்டியே கை வீங்கினோம்.

ஆவணி வந்தது, போட்டி வரவில்லை. லீக் அலுவலகத்தில் தொலைபேசியில் கேட்டபோதெல்லாம் "அடுத்த கிழமை" என்றார்கள், அண்ணாவும் ஒவ்வொரு கிழமையும் பையை அடுக்கி வைத்தார். கடைசியில் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில்தான் பார்த்தோம்: இரண்டாம் பிரிவு லீக் இனி இல்லை, முதலாம் பிரிவுக்கான கழகங்களை இறுதிச் சுற்று இல்லாமலே தெரிவு செய்தாயிற்று. அதில் நாங்கள் இல்லை. எல்லாம் முடிவான பிறகும் வாய் கூசாமல் எங்களுக்குக் கிழமை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

கழகம் அடுத்த ஆண்டே கலைந்தது, அதன் மைதானத்தில் இப்போது நெல் காயப் போடுகிறார்கள். அண்ணா அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. போன மாதம் நான்தான் அந்த லீக்கின் வரலாற்றைக் கைத்தொலைபேசியில் தேடி எடுத்து அவரிடம் காட்டினேன். ஆண்டுவாரியாக வென்ற கழகங்களின் பெயர்கள் இருந்தன. கடைசி ஆண்டுக்கு நேரே வெறும் கோடு. அண்ணா அந்தக் கோட்டை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அப்ப எங்களை ஆர் தோக்கடிச்சது, தங்கச்சி?"